லா ஒன்தே, லாஸ் ஒன்தே, எல் ஒன்தே

கேள்வி: எங்கள் திரைப்படக் கழகத்துக்காக, ஸ்பெயினின் பார்வையற்ற விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறேன். 'ஒன்தே' என்றால் 11 என்று படித்திருக்கிறேன். ஆனால் '11 மணி' என்று போட்டால் வசனம் ஒட்டவில்லை. 'பிஸ்தா', 'பால்மாஸ்', 'வோய்' போன்ற சொற்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அகராதியைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு, சொல்லுக்கு முன்னால் நிற்கிற குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'லாஸ் ஒன்தே' என்றால் 11 மணி. 'எல் ஒன்தே' என்றால் 11ஆம் தேதி, அல்லது கால்பந்தில் முதலில் களமிறங்கும் 11 பேர். பார்வையற்றோர் கால்பந்தில் ஓர் அணிக்கு 5 பேர்தான் என்பதால், அங்கே இரண்டாவது பொருளுக்கு வேலை இல்லை. உங்களைக் குழப்பியது 'லா ஒன்தே'. அது 1938இல் தொடங்கப்பட்ட ஸ்பெயின் பார்வையற்றோர் தேசிய அமைப்பு. ஸ்பானியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 11 என்ற சொல் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். 'அமைப்பு' என்பதற்கான ஸ்பானியச் சொல் பெண்பால், அதனால் 'லா'. லாட்டரிச் சீட்டு விற்று வளர்ந்த அமைப்பு இது, ஒரு காலத்தில் சைக்கிள் பந்தய அணிகூட நடத்தியது. ஆகவே ஸ்பெயின்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். நம்மவர்களுக்கு முதல் முறை மட்டும் 'பார்வையற்றோர் அமைப்பு' என்று போட்டுவிடுங்கள். (சிலி நாட்டுப் படத்துக்குப் போனால் இன்னொரு வேடிக்கை: அங்கே இதே சொல் மாலைத் தேநீரையும் ரொட்டியையும் குறிக்கும்.)

'பிஸ்தா' பருப்பும் இல்லை, 'பெரிய பிஸ்தா'வும் இல்லை. ஓடுதளம், கூடைப்பந்து ஆடுகளம், இசைத்தட்டில் ஒரு பாட்டு, படத்தின் ஒலித்தடம், துப்பறியும் கதையில் துப்பு எல்லாம் இதுவே. இங்கே வினைச்சொல் கைகொடுக்கும். ஓடினால் ஓடுதளம், கேட்டால் பாட்டு, 'கொடு' என்று வந்தால் துப்பு.

'காம்பெயோனேஸ்' வந்தால் சற்று கவனம். சாம்பியன்கள் என்று பொருள். வென்ற ரசிகர்கள் கூட்டமாகப் பாடுவதும் அதுவே. ஹாவியேர் ஃபெஸ்ஸெர் 2018இல் எடுத்த, அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் கூடைப்பந்து அணியைப் பற்றிய படத்தின் பெயரும் அதுவே. நம் எழுத்தில் பெரிய எழுத்து கிடையாதே, படத்தைச் சொல்லும்போது மேற்கோள் குறி போடுங்கள்.

'பால்மாஸ்' எனக்குப் பிடித்த சொல். 'பால்மா' என்றால் உள்ளங்கை, பனை இனத்து மரமும்தான். கான் திரைப்பட விழாவின் 'தங்கப் பனை' விருதில் இருப்பது அந்த மரத்தின் ஓலை. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை நடனத்தில் 'பால்மாஸ்' என்றால் கைத்தட்டு. ஆனால் பாராட்டும் கைத்தட்டு அல்ல, நம் கச்சேரியில் தாளம் போடுவதுபோல அதுவே ஒரு வாத்தியம். கையைக் குவித்து மங்கலாகத் தட்டுவது 'சோர்தாஸ்', விரல்களால் பளிச்சென்று தட்டுவது 'கிளாராஸ்'. ஆகவே பாட்டுக் காட்சியில் [கரகோஷம்] என்று போட்டுவிடாதீர்கள், [கைத்தாளம்] சரி. பார்வையற்றோர் நீளம் தாண்டுதலிலும் கைத்தட்டு உண்டு. வீரர் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று உதவியாளர் தட்டிக் காட்டுவார், அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கும். அங்கே [வழிகாட்டும் கைத்தட்டு].

அப்புறம் 'வோய்'. அகராதி 'போகிறேன்' என்று சொல்லும். ஸ்பானியர்கள் வாயில் அந்த 'வ' உதடு சேர்ந்து வருவதால், காதில் கிட்டத்தட்ட நம் 'போய்' போல விழும்! பாட்டில் 'வோய் ஆ' என்று வந்து பின்னால் ஒரு வினை நின்றால் 'பாடப் போகிறேன்' என்பதுபோல எதிர்காலம். அம்மா கூப்பிட்டு மகன் 'வோய்' என்றால் 'இதோ வரேன்'. பார்வையற்றோர் கால்பந்தில் அது விதி. பந்தை நோக்கிப் போகிறவர் எதிராளிக்குக் கேட்கும்படி அதைச் சொல்லியாக வேண்டும், மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காக. எனவே 'வர்றேன்!' என்று முதல் இரண்டு தடவை போட்டால் போதும், பிறகு பார்வையாளர் காதாலேயே பிடித்துக்கொள்வார். ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்போது நடுவர் விசில் ஊதுகிற இடத்தில்தான் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும்: [வோய் சொல்லவில்லை, ஃபவுல்].