குளிரூட்டல் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: என் மகன் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டலும் வளிச்சீராக்கமும் படிக்கிறான். ஜெனீவாவிலுள்ள செர்ன் போன்ற பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறான். "அது கலாநிதிகளுக்குரிய இடம்" என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். அவனுக்கு நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள், தங்கச்சி. அந்த ஆய்வுக்கூடத்தின் உயிரே குளிரில்தான் இருக்கிறது. நிலத்தடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு வளையம். அணுவைவிடச் சிறிய துகள்களை மிக வேகமாக ஓடவிடும் 'துகள் முடுக்கி' அதுதான். துகள்களை அதன் வழியே வளைத்துக்கொண்டு போக 1,232 பெரிய காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளம். திரவ ஹீலியத்தால் மறை 271 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால்தான் அவற்றின் சுருள்களில் மின்தடை இல்லாமல் போகும். குளிர் தவறினால் காந்தம் இல்லை. காந்தம் இல்லையென்றால் கலாநிதிகளுக்கும் அன்று வேலை இல்லை.

2008 செப்டெம்பர் 10ஆம் திகதி துகள் கற்றை முதன்முதலாக அந்த வளையத்தைச் சுற்றியது. 19ஆம் திகதி, காந்தங்களுக்கு இடையிலிருந்த ஒரேயொரு மின்னிணைப்பு சூடேறிப் பழுதானது. எழுந்த மின்பொறி ஹீலியத்தின் உறையைத் துளைத்தது. பீறிட்ட வாயு, பல தொன் எடையுள்ள காந்தங்களைத் தாங்கிகளிலிருந்து பெயர்த்துவிட்டது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. கற்றை மறுபடி ஓடியது 2009 நவம்பரில்தான்.

கொழும்புத் துறைமுகப் பக்கத்துக் குளிர்களஞ்சியங்களில் அமுக்கிகளோடு காலம் கழித்தவன் நான். பற்றாசு வைத்த மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். கண்ணுக்குப் படாத கசிவை அந்த நுரை காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொறுமை உங்கள் மகனுக்கு வாய்த்தால் எந்த ஆய்வுக்கூடமும் அவனை மதிக்கும்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். செர்னின் நிரந்தரப் பணிகள் பெரும்பாலும் உறுப்பு நாட்டவருக்கே. இலங்கை உறுப்பு நாடல்ல. ஆனால் அங்கு நடக்கும் கோடைகால மாணவர் திட்டத்துக்கு மற்ற நாடுகளில் பட்டப்படிப்புப் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே டிப்ளோமாவோடு நிற்க வேண்டாம். இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டம்வரை போகட்டும்.

இன்னொன்று. துகள் முடுக்கியைப் பார்க்க ஜெனீவா போகத் தேவையில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை கொடுப்பது ஒரு நேர்கோட்டு முடுக்கிதான். பெரும்பாலான எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்தமும் திரவ ஹீலியத்தில்தான் குளிர்கிறது. இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் நம் நாட்டுக்கு இன்றைக்கே வேண்டும். பயிற்சியாளனாக உள்ளே நுழைய வழியுண்டா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளுக்கும் செர்ன்தான் சம்பளம் கொடுக்கிறதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. செர்னின் சொந்தப் பணியாளர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களில் பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களுமே மிகுதி. ஆராய்ச்சி செய்யும் பௌதிகவியலாளர்கள் சிறு பங்குதான். ஆய்வுக்காக வந்துபோகும் 10,000க்கும் மேற்பட்டோருக்கு அவரவர் பல்கலைக்கழகமோ நிறுவனமோ சம்பளம் கொடுக்கிறது. இயந்திரத்தை ஓட்டுபவர்கள் கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சிலி நாட்டில் பார்த்தோம். ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில் 66 அலைவாங்கிகளோடு இயங்கும் அல்மா தொலைநோக்கியின் பணியாளர்கள் 2013 ஓகஸ்ட் மாதத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வும், அந்த உயரத்தில் உழைப்பதற்கேற்ற வேலை நிலைமைகளும் கேட்டார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உடன்பாடு கண்ட பிறகே வேலைக்குத் திரும்பினார்கள்.