ஆஸ்துமாவுக்கு ஒமாலிசுமாப் ஊசி போட்ட பிறகு, ரத்தத்தில் ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புரதமான ஐஜிஇ நான்கு மடங்கு ஏறிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

அந்த எண்ணை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். இதே பயத்தில் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவன் நான்.

என் மகளுக்கு 13 வயது. தூசி ஒவ்வாமையோடு வந்த ஆஸ்துமா. ஊசி தொடங்கும் முன் மொத்த ஐஜிஇ 412. இரண்டு மாதம் கழித்து, டாக்டர் சொல்லாமலே நானாக லேபுக்கு அழைத்துப்போய் எடுத்தேன்: 1,580. எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்', அதாவது 'ஹை', அதிகம். மறுநாள் ரிப்போர்ட்டை நீட்டியதும் டாக்டர், "இதை ஏன் சார் இப்ப எடுத்தீங்க?" என்றார்.

ஒமாலிசுமாப் என்பதே ஓர் எதிர்ப்புரதம். ரத்தத்தில் தனியாகத் திரியும் ஐஜிஇ-யைப் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. கட்டுண்ட ஐஜிஇ உடம்பை விட்டுப் போக அதிக நாளாகும்; அதனால் தேங்குகிறது. லேப் சோதனைக்குக் கட்டுண்டது, கட்டுப்படாதது என்ற பேதம் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். உள்ளே தொல்லை தரும் ஐஜிஇ குறையக் குறைய, தாளில் எண் ஏறும்.

இதற்கு அடுத்து நடப்பதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையில் தெம்பு வந்தது. ஒவ்வாமைத் தொல்லைகளைக் கிளப்பும் ஹிஸ்டமினைச் சுமந்திருக்கும் மாஸ்ட் செல், பேசோபில் என்ற வெள்ளையணு ஆகியவற்றின் மேல்புறத்தில் ஐஜிஇ வந்து அமரும் ஏற்பிகள் இருக்கின்றன. ஐஜிஇ அமர்ந்திருக்கும் வரை ஏற்பி மேலேயே நிற்கும். வெற்று ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். கொழுகொம்பு இருந்தால்தானே கொடி நிற்கும், அப்படி. ஆக, தனக்கு எத்தனை இடம் வேண்டும் என்பதை ஐஜிஇ-யே தீர்மானிக்கிறது.

ரத்தத்தில் ஐஜிஇ அதிகம் உள்ளவர்களின் பேசோபிலில் ஏற்பிகளும் அதிகம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள். எது காரணம், எது விளைவு என்பது இந்த மருந்து வந்த பிறகுதான் தெளிந்தது. 1997-ல் மக்கிளாஷன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத சிகிச்சைக்குப் பின் தனி ஐஜிஇ நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரு பேசோபிலில் சுமார் 2,20,000 ஏற்பிகள் இருந்தது வெறும் 8,300 ஆனது. நூற்றுக்கு நான்குகூட மிஞ்சவில்லை! தூசி அதே தூசிதான். அது வந்து தட்டுவதற்குக் கதவுகள்தான் இல்லை.

பேசோபிலில் இது சீக்கிரம் நடக்கும். திசுக்களில் நெடுநாள் வாழும் மாஸ்ட் செல்லில் வாரக்கணக்கில் இழுக்கும். ஏற்கெனவே ஏற்பியில் அமர்ந்துவிட்ட ஐஜிஇ-யை இந்த மருந்து பிடிக்காது. அது தானாகக் கழன்று வர வேண்டும். ஆஸ்துமாவில் 16 வாரம் பார்த்துவிட்டுத்தான் பலனை மதிப்பிடுகிறார்கள். அதுவரை இன்ஹேலரை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். ஊசியை நிறுத்தினால் தனி ஐஜிஇ திரும்பும், ஏற்பிகளும் கூடவே திரும்பும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஊசிக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆஸ்துமாவுக்கு அந்த எண்ணையும் உடல் எடையையும் வைத்துத்தான் டோஸ் கணக்கிடுவார்கள்; இப்போது வந்திருக்கும் எண் அதற்கு உதவாது. ஊசியை நிறுத்தினாலும் ஒரு வருடம் வரை அது ஏறியே இருக்கக்கூடும். மகளின் பழைய தாளை நான் லேமினேட் செய்து ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.