தொகுப்பாளராகி நடிகையாவேன் என்கிறாள் மகள்: டப்ளினில் வாழும் ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, டிரான்சிஷன் இயரில் (அயர்லாந்துப் பள்ளிகளில் மேல்நிலைப் படிப்புக்கு முன் வரும் இடை ஆண்டு) படிக்கும் உங்கள் மகள் 'முதலில் டி.வி. தொகுப்பாளர், அப்புறம் நடிகை, லாரா விட்மோர் மாதிரி' என்று பிடிவாதமாக இருக்கிறாள், நர்ஸிங்காவது எடு என்று வீட்டில் எல்லோரும் கெஞ்சுகிறோம் என எழுதியிருக்கிறீர்கள். அவள் மனதை மாற்ற வழி கேட்கிறீர்கள். மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவள் உதாரணம் காட்டும் பெண்ணின் பாதையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். உங்கள் பயம் கொஞ்சம் குறையும், அவள் அவசரமும் குறையும்.

ஐரிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளரான லாரா விட்மோர் விக்லோ கவுன்டியில் உள்ள பிரே ஊர்க்காரர். பள்ளி முடிந்ததும் அவர் கேமராவைத் தேடி ஓடவில்லை. டப்ளின் சிட்டி யூனிவர்சிட்டியில் இதழியல் படித்தார். 2008-இல் எம்.டி.வி. நடத்திய தொகுப்பாளர் தேர்வுப் போட்டியில் ஜெயித்து லண்டன் போனார். பொழுதுபோக்குச் சேனல்தான் என்றாலும், கிடைத்த வேலை செய்தி வாசிப்பது, பேட்டி எடுப்பது. படித்த படிப்பு அங்கேயே கைகொடுத்தது. 2011-இலிருந்து ஐ.டி.வி.2 என்ற பிரிட்டிஷ் சேனலில் ஒரு பெரிய ரியாலிட்டி நிகழ்ச்சியின் துணை நிகழ்ச்சியை நடத்தினார். 2017-இல் ஒரு துப்பறியும் நாடகத்தில் நடித்து பிரிட்டன் முழுக்க ஊர் ஊராகப் போனார். 2020-இல் 'லவ் ஐலண்ட்' என்ற காதல் ரியாலிட்டி நிகழ்ச்சியை நடத்தும் வாய்ப்பு வந்தது. 2022 ஆகஸ்டில் அதை விட்டார். படப்பிடிப்புக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் பறப்பது கடினமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் கிரைட்டீரியன் அரங்கில் '2:22 எ கோஸ்ட் ஸ்டோரி' நாடகத்தில் ஜென்னி என்ற முக்கியப் பாத்திரம்.

உங்கள் மகள் பார்த்திருப்பது அந்தக் கடைசிப் படியை மட்டும். போட்டியில் ஜெயித்ததற்கும் அந்த மேடைக்கும் நடுவே 14 ஆண்டுகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதே ஜென்னியாக 2021-இல் முதலில் நடித்தவர் பாடகி லில்லி ஆலன். லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் டிக்கெட் விற்க, மக்களுக்குத் தெரிந்த முகத்தைத் தேடுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். தெரிந்த முகம் கதவைத் திறந்துவிடும். ஆனால் வெஸ்ட் எண்டில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். அந்த நாடகத்திலோ மொத்தமே நான்கு பெரிய பாத்திரங்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை. தொண்டை கட்டினாலும் ஏழரை மணிக்குத் திரை விலகும். புகழ் உள்ளே கூட்டிப்போகும் தூரம் அவ்வளவுதான்.

தொகுப்பதும் நடிப்பதும் ஒரே வேலையின் இரண்டு படிகள் என்று அவள் நினைக்கிறாள். அங்கேதான் அவளோடு எனக்குக் கருத்து வேறுபாடு. தொகுப்பாளர் லென்ஸை நேராகப் பார்த்துப் பேசுகிறார், தன் பெயரிலேயே பேசுகிறார். காதுக்குள் இயர்பீஸில் டைரக்டர் 'பத்து, ஒன்பது, எட்டு' என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே எதிரே இருக்கும் விருந்தினரின் பதிலைக் கேட்டு, பூஜ்யம் வரும் நொடியில் புன்னகையோடு வாக்கியத்தை முடிக்க வேண்டும். நடிகைக்கு அந்த லென்ஸே இல்லாததுபோல் இருக்க வேண்டும். மௌனத்தை நிரப்பக் கூடாது. தொகுப்பாளரின் உடம்பில் ஊறிய பழக்கமோ மௌனத்தை நிரப்புவதுதான். பல ஆண்டு தொகுப்பாளராக இருந்தவர் நடிக்க வரும்போது முதலில் விட வேண்டியது அதைத்தான், அது லேசில் போகாது.

ஆகவே நடிப்புப் பயிற்சியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். டப்ளின் யூத் தியேட்டர் போன்ற இளையோர் நாடகக் குழு ஒன்றில் இப்போதே சேரட்டும். டிரான்சிஷன் இயரின் வேலை அனுபவ வாரங்களை ஒரு சமூக வானொலியில் கழிக்கட்டும். மைக் முன்னால் உட்காருவதோடு நிற்காமல், விருந்தினரைத் தொலைபேசியில் அழைப்பது, கேள்வி எழுதுவது, ஒலியை வெட்டி ஒட்டுவது எல்லாம் செய்து பார்க்கட்டும். அது பிடிக்கிறதா என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பமான சி.ஏ.ஓ. படிவத்தில் லெவல் 8 (ஹானர்ஸ் பட்ட) படிப்புகளுக்கு 10 இடம் உண்டு. இதழியலையும் ஊடகப் படிப்பையும் மேலே போடுங்கள். உங்கள் மனதுக்கு ஆறுதலாக நர்ஸிங்கைக் கீழே போட நினைத்தால் அவளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், தெரியாமல் போடாதீர்கள். நடிப்பையே பட்டமாகப் படிக்க ஆசை என்றால் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த 'தி லிர்' நாடகப் பள்ளி இருக்கிறது. நடிகர் பால் மெஸ்கல் படித்த இடம். சிறிய வகுப்பு, ஆடிஷனில் தேற வேண்டும், பள்ளித் தேர்வில் வாங்கும் பாயின்ட்ஸ் எவ்வளவு இருந்தாலும் அதற்கு ஈடாகாது. இதழியல் படித்துக்கொண்டே மாலை நேர நடிப்பு வகுப்புக்குப் போவது என் முதல் பரிந்துரை. பாத்திரம் வராத மாதங்களில் எழுதவும் பேட்டி எடுக்கவும் தெரிந்தவளுக்கு வாடகை கொடுக்க வழி இருக்கும்.

பணத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். அயர்லாந்து அரசே 2022-இல் 2,000 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது என்றால், இந்தத் தொழிலில் வருமானம் எவ்வளவு நிலையற்றது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

'நம் நிறத்துக்கு இங்கே டி.வி.யில் இடம் கொடுப்பார்களா' என்று கேட்டிருந்தீர்கள். ஜைனப் போலாடேல் என்ற பெயரை அவளுக்குச் சொல்லுங்கள். நைஜீரியாவில் பிறந்து, கிளேர் கவுன்டியின் எனிஸ் ஊரில் வளர்ந்தவர். அவர் படித்ததும் அதே டப்ளின் சிட்டி யூனிவர்சிட்டி இதழியல்தான். 2017-இல் அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ.யின் சிறுவர் செய்தி நிகழ்ச்சியில் வந்தார், பிறகு அங்கேயே 'நேஷன்வைட்' நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார். பாதை அகலமாக இல்லை, ஆனால் திறந்திருக்கிறது. இணையத்தில் தோற்றத்தைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் வரும் வசைகளை அவள் தனியாகப் படிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கடைசியாக, ஐரிஷ் பாடத்தைக் கடினமான ஹையர் லெவலிலிருந்து எளிதான ஆர்டினரிக்கு இறக்கலாமா என்று கேட்டீர்கள். அவளால் தாக்குப்பிடிக்க முடிந்தால் இறக்காதீர்கள். ஐரிஷ் மொழிச் சேனலான டி.ஜி.4-இல் முகம் காட்டத் தொடங்கி, பிறகு ஆர்.டி.ஈ.க்கு வந்த தொகுப்பாளர்கள் உண்டு. அங்கே போட்டியிடும் கூட்டமும் ஆங்கிலச் சேனல்களைவிடச் சிறியது. பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட்டின் ஐரிஷ் பாடத்தில் 40 சதவீத மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து தடுமாறாமல் பேசும் அந்தத் தேர்வுக்கு இந்த ஆண்டே தயாராகத் தொடங்கட்டும்.