தப்பான விண்டோவில் தட்டிய ஷட்டவுன்: சர்வர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து, எஸ்எஸ்எச்சில் (தூரத்து மெஷினை இங்கிருந்தே இயக்கும் இணைப்பு) திறந்திருந்த, நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷன் சர்வரை அணைத்துவிட்டேன். இனி நடக்காமல் இருக்க?

பதில்: சர்வரில் ஓடுவது டெபியன், உபுண்டு லினக்ஸ் என்றால் மாலி-கார்டு பேக்கேஜை இன்றே போடுங்கள். எஸ்எஸ்எச் வழியாக ஷட்டவுன், ரீபூட் என்று அடித்தால் மெஷினின் பெயரைக் கேட்கும். பெயர் தப்பினால் சர்வர் அசையாது. மாலி ஒரு புரோகிராமரின் குழந்தை. ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் பெரிய சிவப்பு ஸ்விட்ச்சை ஒரே நாளில் இரண்டு தடவை தட்டிவிட்டாளாம். அதன்மேல் போட்ட மூடிக்கு வந்த பெயர் இது. என்டர் தட்டும் முன் ஹோஸ்ட்நேம் பாருங்கள்.

கேள்வி: சர்வர் ரொம்ப ஸ்லோ. என்ன செய்யலாம்? அவசரம்.

பதில்: எந்த ஓஎஸ், என்ன லோடு, லாக்கில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. கைரேகையாவது அனுப்பியிருக்கலாம்.

கேள்வி: கிரான்டேப்பை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) திருத்த -இ அடிக்கப் போய், அழிக்கும் -ஆர் அடித்துவிட்டேன். மொத்தமும் காலி.

பதில்: இ-யும் ஆர்-உம் கீபோர்டில் பக்கத்து வீடு, நீங்கள் முதல் ஆள் இல்லை. கிரான் ஓட்டிய கட்டளைகள் நேரத்தோடு சிஸ்லாக்கில் (சிஸ்டத்தின் பதிவேடு) இருக்கும், அதைப் பார்த்துத் திரும்ப எழுதுங்கள். அப்புறம், கிரான்டேப் -எல் தரும் பட்டியலை தினமும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: ரெய்டு 1 (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கில்) இருக்கிறது. தினமும் பேக்கப்பும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். போதும்தானே?

பதில்: 'நினைக்கிறேன்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ரெய்டு என்பது டிஸ்க் செத்தால் காப்பாற்ற. நீங்கள் ஆர்எம் -ஆர்எஃப் (கேட்காமலே அழிக்கும் கட்டளை) அடித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில், மிக விசுவாசமாக, அழித்துத் தரும்.

கோடு சேமிக்கும் தளமான கிட்லேப்பின் கதை தெரியாதா? 2017 ஜனவரி 31. ராத்திரி வேலையில் களைத்துப்போன இன்ஜினியர், செகண்டரியில் (நகல் சர்வர்) இருப்பதாக நினைத்து பிரைமரி (அசல்) டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது 5 கூட இல்லை. சரி, பேக்கப் எடுக்கப் போனால் அதை வைக்கும் எஸ்3 பக்கெட் (அமேசான் கிளவுட் சேமிப்பு) காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் (பேக்கப் நகல்) எடுத்த கருவியோ 9.2, எத்தனை நாளாகத் தோற்றதோ. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் டிமார்க் (மெயில் போலியா என்று சரிபார்க்கும் முறை) அமைக்காததால் திரும்பிவிட்டன. வேறு வேலைக்காக அதே இன்ஜினியர் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு வருடம் டேப் மாற்றினோம், ரெஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டோம். தேவைப்பட்ட நாளில் டேப் வெறுமை. மாதம் ஒரு தடவை வேறொரு மெஷினில் ரிஸ்டோர் செய்து, டேட்டாபேஸைத் திறந்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடி எடுங்கள். கிடைத்தால் பேக்கப் இருக்கிறது. கிடைக்கும்வரை இல்லை.

கேள்வி: பர்மிஷன் பிரச்சினை தீர ரூட் டைரக்டரியிலிருந்து சிஎச்மாட் -ஆர் 777 (எல்லா ஃபைலிலும் எல்லாருக்கும் முழு அனுமதி) கொடுத்தேன். இப்போது சூடோ (அட்மின் உரிமையில் கட்டளை ஓட்டுவது) வேலை செய்யவில்லை.

பதில்: செய்யாது, செட்யூஐடி (புரோகிராமை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் குறி) போய்விட்டது. திறந்திருக்கும் ரூட் செஷனை மூடாதீர்கள். ரெட்ஹாட் வகை என்றால் பேக்கேஜ் கருவி ஆர்பிஎம்மின் செட்பெர்ம்ஸ் ஓரளவு சரிசெய்யும். மற்றபடி ரிஸ்டோர்தான். முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க் நிரம்பியே இருக்கிறது.

பதில்: ஏதோ ஒரு புராசஸ் இன்னும் அதைப் பிடித்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப்பில் (திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் கட்டளை) கண்டுபிடித்து அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தெரியாமல் அழித்த ஃபைல் என்றால் நேர்மாறு: ரீஸ்டார்ட் செய்யாமல், அந்த புராசஸின் /ப்ராக் டைரக்டரி வழியாக காப்பி எடுங்கள்.

கேள்வி: ஐபிடேபிள்ஸ் -எஃப் (ஃபயர்வால் விதிகளை அழிக்கும் கட்டளை) அடித்ததும் எஸ்எஸ்எச் துண்டித்துவிட்டது. டீஃபால்ட் பாலிசி டிராப் (விதி அனுமதிக்காத எதையும் தடுக்கும்). சர்வர் 200 கிலோமீட்டர் தள்ளி. கன்சோல் வசதி இல்லை.

பதில்: பஸ் ஏறுங்கள். அடுத்த முறை ஃபயர்வாலைத் தொடும் முன் 10 நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி ஷட்டவுன் -ஆர் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாட்டிக்கொண்டால் ரீபூட்டில் சேமித்து வைத்த பழைய விதிகள் திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் உடனே ஷட்டவுன் -சி போட்டு ரீபூட்டை ரத்து செய்யுங்கள். அதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனவரின் கடிதம் போன மாதமே வந்துவிட்டது.