கை தட்டலாமா, கூடாதா?

அண்ணா, வணக்கம். நாங்க டோக்கியோ வந்து ஒரு வருஷம் ஆச்சு. போன வாரம் அசகுசா செஞ்சோஜி கோயில்ல என் பொண்ணு (7 வயசு) பட்டு பட்டுனு ரெண்டு தடவ கை தட்டி கும்பிட்டா. பக்கத்துல நின்ன பாட்டி சிரிச்சிட்டே, தட்டக்கூடாதுன்னு கை கூப்பி காட்டினாங்க. எது ஷிண்டோ (ஜப்பானோட சொந்த மதம்) எது புத்தம்னு எனக்கே தெரியல, இவளுக்கு எப்படிண்ணா சொல்லித்தர்றது?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பா செஞ்சது சரிதான்மா, இடம்தான் மாறிடுச்சு. நமக்கு எல்லாமே கோயில், அவங்களுக்கு ஷிண்டோ கோயில்னா ஜிஞ்சா, புத்த கோயில்னா தெரா. ஜிஞ்சால ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தடவ கை தட்டி, திரும்ப ஒரு தடவ குனியணும். தெரால சத்தமில்லாம கை கூப்பினா போதும்.

மதம்னா என்னன்னு ஆரம்பிக்காதீங்க, கதையா சொல்லுங்க. 628-ல சுமிதா ஆத்துல மீன் பிடிச்ச அண்ணன் தம்பி வலையில கன்னோன்னு புத்த மதத்துல கும்பிடுற கருணை தெய்வத்தோட சிலை சிக்குச்சாம், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் அது என்ன சிலைன்னு புரிஞ்சுகிட்டு தன் வீட்டையே கோயிலாக்கிட்டாராம், அதுதான் நீங்க போன செஞ்சோஜி. அந்த மூணு பேரையும் சாமியா கும்பிடுற இடம் அதே வளாகத்துல வலது பக்கம், கல்லு தோரிய் (ஜிஞ்சாக்கு அடையாளமான வாசல் வளைவு) வச்ச அசகுசா ஜிஞ்சா. சிலைக்கு ஒரு வீடு, கண்டெடுத்தவங்களுக்கு பக்கத்து வீடு, 7 வயசுக்கு இது நல்லாவே புரியும்.

ஆனா தோரிய் இருந்தா ஷிண்டோன்னு சட்டம் மாதிரி சொல்லிடாதீங்க, ஒசாகா ஷிதென்னோஜி புத்த கோயில், அங்கயும் கல்லு தோரிய் நிக்குது. ரெண்டும் பல நூறு வருஷம் கலந்தே இருந்துச்சு, 1868-ல மெய்ஜி அரசாங்கம்தான் உத்தரவு போட்டு பிரிச்சுது. டோக்கியோ உயேனோல ஷினோபசு குளத்து நடுவுல இருக்குற பென்சைதென் சாமி நம்ம சரஸ்வதிதான், அங்க ஒருதடவ கூட்டிட்டு போங்க.

கும்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவுற இடத்துல அவசரப்படுத்தாதீங்க. அகப்பைய வலது கையில பிடிச்சு இடது கை, மாத்தி பிடிச்சு வலது கை, அப்புறம் இடது உள்ளங்கையில தண்ணி ஊத்தி வாய் கொப்பளிச்சு, கடைசியா அகப்பைய நிமித்தினா மிச்ச தண்ணி காம்பு வழியா இறங்கி அடுத்து பிடிக்கறவங்களுக்காக அதையும் கழுவிடும். எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த கடைசி வேலைதான், அத அவ கையாலயே செய்ய விடுங்க.

நவம்பர் 15 ஷிச்சி-கோ-சான், 3 வயசு 7 வயசு பொண்ணுங்களையும் 5 வயசு பசங்களையும் ஜிஞ்சாக்கு கூட்டிட்டு போற நாள், கையில நீட்டு மிட்டாய் வேற குடுப்பாங்க. பாப்பாக்கு சரியான வயசு. அசகுசா ஜிஞ்சாக்கே போங்க, அன்னைக்கு எவ்ளோ சத்தமா வேணும்னாலும் தட்டட்டும்.