எம்.சி. ரோடு கடையை விட்டுவிட்டு ஆன்லைனுக்குப் போகலாமா?

கேள்வி: சார், சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் 14 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நைட்டி, இன்ஸ்கர்ட், சுடிதார் மெட்டீரியல். வருடத்துக்கு 22 லட்சம் வரை விற்கும். ஜி.எஸ்.டி. எடுக்கவில்லை. வாடகை மாதம் 18,000. இரண்டு வருடமாகக் கூட்டம் குறைகிறது. ஆன்லைன் வியாபாரம் வருடத்துக்கு 20 சதவீதம் வளர்கிறது, சின்னக் கடைகளின் காலம் முடிந்தது என்று ஒரு வீடியோவைக் காட்டி, கடையைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே விற்கலாம் என்கிறான் மகன். ஜனவரியில் அக்ரிமெண்ட் முடிகிறது. புதுப்பிக்கவா, விடவா?
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அக்கா, அக்ரிமெண்டைப் புதுப்பியுங்கள். 11 மாதத்துக்குப் போட்டால் போதும். ஆன்லைனையும் தொடங்குங்கள், ஆனால் கடையை வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன். உங்கள் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், அவர் பார்த்த புள்ளிவிவரத்தில்தான் பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது.

முதலில் அந்த 20 சதவீதம். மக்கள் சாமான் வாங்கச் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 5 ரூபாய் ஆன்லைனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் அது 6 ரூபாய் ஆனால், வளர்ச்சி 20 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 94 ரூபாய் இன்னும் கடைகளில்தான் செலவாகிறது. ஆகவே வளர்ச்சி வேகம் என்று யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், மொத்தத்தில் பங்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். இந்தியாவில் அந்தப் பங்கு இன்னும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. ஆன்லைன் எவ்வளவோ முன்பே வேரூன்றிய அமெரிக்காவில்கூட 2024இல் சில்லறை விற்பனையில் ஏறத்தாழ 16 சதவீதம்தான் ஆன்லைன்.

பிரிட்டனின் கதையையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்கு முன்பு அங்கே சில்லறை விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு ஆன்லைனில் நடந்தது. ஊரடங்கில் கடைகளெல்லாம் மூடிக்கிடந்த 2021 ஜனவரியில் அது 37 சதவீதத்தைத் தாண்டியது. இனித் திரும்பாது என்று அப்போது பலரும் எழுதினார்கள். கடைகள் திறந்ததும் 27 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. பழைய அளவுக்குப் போகவில்லை, உச்சத்திலும் நிற்கவில்லை. ஒரு பங்கு நிரந்தரமாக ஆன்லைனுக்குப் போய்விட்டது, பெரும்பங்கு கடைக்குத் திரும்பிவிட்டது. இரண்டுமே உண்மை.

நம் ஊருக்கு வருவோம். பெயின் என்ற ஆலோசனை நிறுவனமும் பிளிப்கார்ட்டும் சேர்ந்து 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2024இல் இந்திய ஆன்லைன் சில்லறைச் சந்தை சுமார் 6,000 கோடி டாலர், வாங்குபவர்கள் சுமார் 27 கோடிப் பேர் என்றது அது. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு வருடத்துக்கு 220 டாலர் சொச்சம், அதாவது 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. செல்போன், டிவி, வாஷிங்மெஷின் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. நைட்டிக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்? வளர்ச்சி முன்பிருந்த 20 சதவீதத்துக்கு மேலிருந்து 2024இல் 10, 12 சதவீதமாக இறங்கியது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட சந்தை மதிப்பைப் பார்க்கும்போது இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். ஆன்லைன் விற்பனைத் தளங்கள் பெருமையாகச் சொல்லும் மொத்த விற்பனை மதிப்பு பெரும்பாலும் ஆர்டர் விழுந்த தொகை. ரத்தானது, வாசலில் திருப்பி அனுப்பியது, போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அதற்குள் கலந்திருக்கலாம். உங்கள் கடையில் சுடிதார் மெட்டீரியலைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரை நீங்கள் விற்பனையில் எழுதுவதில்லையே.

யு.பி.ஐ. எண்ணிக்கையையும் ஆன்லைன் ஷாப்பிங்கோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். யு.பி.ஐ. 2016இல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. எண்ணிக்கையில் பாதிக்கு மேல் கடைகளுக்குச் செலுத்தியவை. உங்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். அது ஆன்லைன் வளர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. உங்கள் கடையில் பணம் கொடுக்கும் விதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் கணக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

22 லட்சம் என்றால் மாதத்துக்கு 1,83,000 ரூபாய். ஒரு உருப்படி சராசரியாக 250 ரூபாய் என்று வைத்தால், மாதம் 730 உருப்படி போகிறது. 18,000 வாடகையை அதில் வகுத்தால் ஓர் உருப்படிக்குச் சுமார் 25 ரூபாய். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் வாடகை அந்த 25 ரூபாய்தான். இதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள்.

ஆன்லைனில் ஒரு நைட்டியை 299க்குப் போடுகிறீர்கள் என்று வைப்போம். கொள்முதல் 190. கமிஷன், ஷிப்பிங், மற்ற கட்டணமெல்லாம் போக உங்கள் அக்கவுண்டுக்கு 245 வருகிறது. கவர், லேபிள் 8 ரூபாய். மிச்சம் 47. உங்கள் மகன் கணக்கு இந்த இடத்தில் முடிந்திருக்கும். அதை 100 உருப்படிக்கு நீட்டிப் பார்ப்போம். இவை உதாரண எண்கள், உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

100 அனுப்புகிறீர்கள். கேஷ் ஆன் டெலிவரி என்பதால் 12 பேர் வாசலிலேயே வேண்டாம் என்று விடுகிறார்கள். வியாபாரிகள் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள். இன்னும் 10 பேர் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, சைஸ் சரியில்லை, கலர் வேறு என்று திருப்புகிறார்கள். தங்கியது 78. அதில் லாபம் 3,666 ரூபாய். வாசலில் திரும்பிய 12க்குப் பேக்கிங் நஷ்டம் 96. பிரித்துத் திருப்பிய 10க்கு, ஒன்றுக்கு 120 ரூபாய் ரிட்டர்ன் ஷிப்பிங்கும் 8 ரூபாய் பேக்கிங்கும் சேர்த்து 1,280. திரும்பி வந்த 22இல் 4 கசங்கி, கறைபட்டு விற்க முடியாமல் போனால் 760. பட்டியலில் மேலே தெரிய விளம்பரத்துக்கு ஓர் ஆர்டருக்கு 5 ரூபாய் வீதம் 500. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 1,030 ரூபாய். அனுப்பிய ஓர் உருப்படிக்கு 10 ரூபாய் 30 காசு.

47 எங்கே, 10 எங்கே? நடுவில் கரைந்த 37 ரூபாயும் ஒரு வாடகைதான் அக்கா. வீட்டு ஓனர் மாதிரி ஒன்றாம் தேதி வந்து கேட்காது, அதனால் தெரியாது. நீங்கள் இப்போது கொடுக்கும் 25ஐவிட அது அதிகம்.

ஆன்லைனில் யாருமே சம்பாதிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. ரிட்டர்னைப் பாதியாகக் குறைத்தவர்கள் சம்பாதிக்கிறார்கள். அதற்குக் கை பழக வேண்டும், பழகுவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவைக் கடை தாங்கட்டும்.

கூட்டம் குறைந்ததைப் பற்றி. மளிகையைவிட உடுப்பு வியாபாரத்தைத்தான் ஆன்லைன் அதிகமாகத் தொட்டிருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கடையில் எந்தச் சரக்கு குறைந்தது? மூன்றும் ஒரே மாதிரியா? இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். யார் வந்தார், எந்தப் பகுதி, என்ன கேட்டார், இருந்ததா, வாங்கினாரா என்று ஐந்தே கட்டம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆட்கள் தியாகராயா காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிட முடிகிறது. அவர்கள் உங்கள் சந்துக்குள் வருகிறார்களா, மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறார்களா? அவர்கள் மெயின் ரோட்டோடு திரும்புகிறார்கள் என்றால் உங்கள் போட்டி ஆன்லைன் கிடையாது, மெயின் ரோடு. அதற்கு மருந்து வேறு. நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தண்டையார்பேட்டைக் கடை ஒன்றில் இப்படி எழுதிப் பார்த்தபோது, வந்தவர்கள் கேட்ட பெரிய சைஸ் நைட்டி கடையில் இல்லாததுதான் பெரிய ஓட்டை என்று தெரிந்தது. அந்த ஓட்டையை எந்த வீடியோவும் காட்டியிருக்காது.

இனி, தொடங்கும் வழி. வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் இலவசம். இப்போது கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் உங்கள் நம்பரைச் சேவ் செய்யச் சொல்லுங்கள். பிராட்காஸ்ட் செய்தி உங்கள் நம்பரைச் சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் என்று ஏரியா வாரியாகப் பட்டியல் போடுங்கள். புது லாட் வந்த அன்று சாயங்காலம் பத்து போட்டோ போதும். முன்பணம் யு.பி.ஐ.யில் வந்துவிடும், பையனே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கமிஷனும் இல்லை, ஆர்.டி.ஓ.வும் இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய, உங்களை நம்பும் ஆட்கள் இவர்கள். இந்த வியாபாரத்தை யாரும் ஆன்லைன் புள்ளிவிவரத்தில் சேர்ப்பதில்லை, ஆனால் உங்களுக்கு முதலில் காசு தரப்போவது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் பெரிய தளம். ஜி.எஸ்.டி. இல்லாமல் முடியுமா என்று மகன் கேட்பார். முன்பெல்லாம் ஆன்லைனில் ஒரு கர்ச்சீப் விற்றாலும் ஜி.எஸ்.டி. கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. பொருள் விற்பவரின் மொத்த விற்பனை, கடையும் ஆன்லைனும் சேர்த்து, வருடத்துக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவில்லாமலே தளத்தில் விற்கலாம். பான் நம்பரை வைத்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு என்ரோல்மெண்ட் நம்பர் மட்டும் வாங்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்ப முடியும். பெங்களூரு வேண்டாம், பாண்டிச்சேரிக்குக்கூடக் கூடாது. மீஷோ போன்ற தளங்கள் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. உங்களுக்கு இது நல்லதுதான். தமிழ்நாட்டுக்குள் என்றால் பார்சல் சீக்கிரம் போகும், தாமதத்தால் மனம் மாறித் திருப்புவது குறையும். வியாபாரம் வளர்ந்து ஜி.எஸ்.டி. எடுக்கவேண்டி வந்தால் பயப்படாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த உடைக்கு வரி 5 சதவீதம்தான். நீங்கள் கொள்முதலில் கட்டும் வரியையும் அதில் கழித்துக்கொள்ளலாம்.

எல்லாச் சரக்கையும் ஏற்றாதீர்கள். 20 டிசைன், 90 நாள். ஃப்ரீ சைஸ் என்று மட்டும் போடாமல் மார்பளவு, உயரம், கை நீளம் மூன்றையும் இஞ்சில் போடுங்கள். இந்த ஒரு வேலையே ரிட்டர்னைக் கணிசமாக இறக்கும். போட்டோவை டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், காலை வெயிலில் மாடியில் எடுங்கள். மெரூன் மெரூனாகவே தெரியட்டும். பேக் செய்வதை ஒவ்வொன்றாக வீடியோ எடுத்து வையுங்கள், திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும்போதும் எடுங்கள். என் தங்கை ஒரு தளத்தில் அனுப்பிய மூன்று சுடிதாருக்குப் பதிலாகப் பழைய துணி திரும்பி வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. அவள் அழுததைப் பார்த்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆஃபர் சீசனில் விலையைக் குறைக்கச் சொல்லித் தளத்திலிருந்து செய்தி வரும். குறைப்பது பெரும்பாலும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். 10 ரூபாய் மிஞ்சும் உருப்படியில் 20 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும் என்று பட்டனை அழுத்தும் முன்பு போட்டுப் பாருங்கள்.

வாரா வாரம் ஞாயிறு ராத்திரி மகன் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்: அனுப்பிய உருப்படிக்கு எத்தனை ரூபாய் மிஞ்சியது? விற்ற உருப்படிக்கு என்று போட்டால் கணக்கு அழகாக வரும், ஆனால் தப்பாக வரும். அனுப்பியதற்குத்தான் போட வேண்டும். அந்த எண் கடையில் ஓர் உருப்படிக்கு மிஞ்சுவதைத் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டி, மாதம் 300 உருப்படிக்கு மேல் போனால், அடுத்த அக்ரிமெண்டில் சின்ன இடமாகப் பார்க்கலாம். அதுவரை அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

பொங்கல் வியாபாரம் முடிந்ததும் நோட்டைத் தொடங்கினால் மார்ச் கடைசிக்குள் கையில் போதுமான கணக்கு இருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.