மரஜன்னலைக் கழற்றுவதற்கு முன்: கேள்வி பதில்

அப்பா தச்சு வேலை பார்த்தவர். நானும் மரத்தில் தொடங்கி, பிறகு அலுமினியம், யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) என்று இருபத்தாறு வருடமாகச் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஜன்னல் வேலைதான் செய்கிறேன். பழைய ஜன்னலை மாற்றினால் வீடு குளிருமா, கரண்டு பில் குறையுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: அண்ணா, 1978இல் கட்டிய வீடு. தேக்கு ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி. பெட்ரூமில் இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. இரட்டைக் கண்ணாடி யூபிவிசி போட்டால் பில் பாதியாகும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 4க்கு 4 அடி ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். வெளிக்கும் உள்ளுக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 5.8 வாட் சூடு கடக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் சுமார் 2.8. இரவில் வெளியே 30 டிகிரி, உள்ளே 25 என்று வையுங்கள். ஒற்றைக்கு 43 வாட், இரட்டைக்கு 21 வாட். மிச்சமாவது 22 வாட் சூடு. ஒரு வாட் கரண்டில் ஏசி சுமார் மூன்று வாட் சூட்டைத் தள்ளும் என்பதால், அதை வெளியே தள்ள ஏழெட்டு வாட் கரண்டு போதும். தினமும் எட்டு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 2 யூனிட்டைத் தொடாது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் பதினைந்து ரூபாய்.

ஜன்னலுக்குச் சதுர அடி 700 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 16 சதுர அடிக்கு 11,200 ரூபாய். இரட்டைக் கண்ணாடிக்கு அதற்கு மேலும் ஆகும். லண்டனில் பனிக்காலம் முழுக்க ராப்பகலாக 15, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். அந்த ஊர்க் கணக்கை மாம்பலத்துக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள்.

உங்கள் வீட்டில் குளிர் போகிற வழி இடுக்கு. இரண்டு கதவு உள்ள ஜன்னலில் சுற்றுப்புறமும் நடு இணைப்பும் சேர்ந்து 20 அடி, அதாவது 6 மீட்டர். மரம் சுருங்கி 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் மொத்தம் 180 சதுர சென்டிமீட்டர். சுவரில் பதின்மூன்று சென்டிமீட்டருக்குப் பதின்மூன்று ஓட்டை போட்டுவிட்டு ஏசி ஓட்டுகிற மாதிரி. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இடுக்கோரம் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ரப்பர் பீடிங் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) ஒட்டுங்கள். கதவு தொங்கியிருந்தால் கீலை மாற்றி, இழைப்புளி போட்டு, சட்டத்தில் சரியாக உட்காரவைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலிதான்.

வேளச்சேரியிலிருந்து: சார், மேற்குப் பார்த்த அறை. சாயங்காலம் அடுப்பு மாதிரி இருக்கிறது. திரை போட்டும் பயனில்லை. ஜன்னலை மாற்றியே ஆகவேண்டுமா?

திரை உள்ளே இருக்கிறது, அதுதான் சிக்கல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் திரையில் பட்டுச் சூடாகி அறைக்குள்ளேயே நின்றுவிடும். சாதாரணக் கண்ணாடி ஐந்தில் நான்கு பங்கு வெயிலை உள்ளே விடும். மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தால், உங்களுடையதும் ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னல் என்றால் அது 600 வாட் ஹீட்டர். மேலே சொன்ன 22 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் இந்த வெயிலில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

வெளியே மறைக்க வேண்டும். மூங்கில் தட்டியோ கனமான வெளித்திரையோ, கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போக ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது, செங்குத்தாகத்தான் மறைக்க முடியும். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடே போதும். வடக்கு ஜன்னலில் கோடையில் வெயில் விழுகிறதே என்று சிலர் வியக்கிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பழைய வீடுகளில் கண்ணாடியே இல்லாமல் முழுப் பலகைக் கதவு இருந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டு மணிக்கு மேற்குக் கதவைச் சாத்திவிட்டு ஆறு மணிக்குத் திறப்பார்கள். வெயில் மரத்தோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட கதவைக் கழற்றிக் கண்ணாடி போட்டவர்கள்தான் "மாற்றின பிறகு சூடு கூடிவிட்டது" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: அண்ணா, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஸ்லைடிங் நல்லதா, கதவு மாதிரித் திறப்பதா?

கதவு மாதிரித் திறப்பதையே போடுங்கள் அம்மா. ஸ்லைடிங்கில் பெரும்பாலும் பாதிதான் திறக்கும். என் வீட்டு ஹாலிலேயே இடம் மிச்சமாகும் என்று ஸ்லைடிங் போட்டேன். எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னலுக்கும் பாதி வழி அடைபட்டு, கடல் காற்று வந்து போய்க்கொண்டிருந்த வீடு ஒரே கோடையில் புழுங்க ஆரம்பித்தது. முன்பு மின்விசிறியோடு தூங்கியவர்கள் ஏசி வாங்கினோம். அந்தச் செலவை எந்த ஜன்னலும் மிச்சம்பிடித்துத் தராது. மூன்று வருடம் கழித்து அதைக் கழற்றினேன்.

காற்று விஷயம் போக, கதவு வகை சாத்தும்போது ரப்பரில் அழுந்தி மூடும். ஸ்லைடிங் பிரஷ்ஷில் உரசித்தான் மூடும், தூசியும் சத்தமும் கொஞ்சம் வரத்தான் செய்யும். யூபிவிசி எடுத்தால் உள்ளே கால்வனைஸ் பண்ணின இரும்பு இருக்கிறதா என்று அறுத்த துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விலை குறைப்பவர்கள் முதலில் அதைத்தான் குறைக்கிறார்கள்.

ஜிஎஸ்டி சாலை ஓரத்திலிருந்து: லாரி ஹாரன் தாங்கவில்லை. மாற்றினால் குறையுமா?

குறையும். மாற்றுவதற்கு நான் தயங்காமல் சரி சொல்கிற காரணம் இதுதான். ரப்பர் இறுக்கமுள்ள கதவு வகை, நடுவில் பிலிம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு விட்டால் எல்லாம் வீண், சத்தம் அது வழியே வந்துவிடும்.

கடலூரிலிருந்து: ஐயா, மழைச் சாரலில் ஜன்னலடியில் தண்ணீர் கட்டுகிறது. கீழ்ச்சட்டம் மெத்தென்று இருக்கிறது. கரையானும் இருக்கிறது.

ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அடிப்பக்கம் ஆறு அங்குல நீளத்தில் மட்டும் அது உள்ளே இறங்கினால், கெட்டதை அறுத்தெடுத்துத் தேக்குத் துண்டு ஒட்டுப் போடலாம். நிலை முழுக்க இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். எதைச் செய்தாலும் முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். சன்ஷேடு அடியில் விளிம்பை ஒட்டி ஒரு காடி வெட்டினால் தண்ணீர் சுவருக்கு ஓடிவராமல் அங்கேயே சொட்டும். ஜன்னலடித் திட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கரையானுக்குச் சுவரிலும் தரையிலும் மருந்து வைக்காமல் யூபிவிசி போட்டால், ஜன்னலை விட்டுவிட்டு உங்கள் அலமாரிக்குப் போய்விடும். உங்களுடையது கடலோர ஊர் என்பதால் கீலும் திருகும் 316 ரகத் துருவேறா எஃகாக வாங்குங்கள்.

அம்பத்தூரிலிருந்து: ஏசி குளிர் போகாமலிருக்க, பாத்ரூம் வென்டிலேட்டர் உட்பட எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? கேஸ் கீஸர் இருக்கிறது.

கூடவே கூடாது! தயவுசெய்து இன்றே திறந்து வையுங்கள். கேஸ் எரியும் சிறிய அறையில் காற்றோட்டம் இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் கிடையாது, கண் எரியாது, மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்க வலுவிருக்காது. குளிக்கப் போனவர்கள் திரும்பாத செய்தியைப் படித்திருப்பீர்கள். கீஸரை வெளியே மாற்றும்வரை அந்த வென்டிலேட்டரைத் தொடாதீர்கள். சமையலறைக்கும் அப்படித்தான், காற்று வர ஒரு வழி இருக்கவேண்டும்.

ஊட்டியிலிருந்து: எங்களுக்கும் இரட்டைக் கண்ணாடி வீண்தானா?

தினமும் ஹீட்டர் போடுகிற வீடென்றால் வீணில்லை. ஜனவரி இரவில் கண்ணாடி அருகே உட்கார்ந்தால் முதுகில் ஏறும் குளிர் நிச்சயம் குறையும், காலையில் கண்ணாடி வேர்ப்பதும் குறையும். ஹீட்டரே இல்லையென்றால் இடுக்கை அடைத்துக் கனத்த திரை போடுங்கள். பணம் மிஞ்சினால் பிறகு யோசிக்கலாம்.

கனடா ஸ்காபரோவிலிருந்து: அண்ணை, எங்கட வீட்டு யன்னலில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில பனிமூட்டம் மாதிரிப் புகார் படிஞ்சு கிடக்கு. முழுசா மாத்தச் சொல்லீனம்.

இரண்டு கண்ணாடியையும் சேர்க்கும் ஓரப் பசை விட்டு ஈரம் நுழைந்திருக்கிறது. சட்டம் உளுக்காமல், கதவு இறுக்கமாகச் சாத்தினால், கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றக் கேளுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு இரட்டைக் கண்ணாடி தேவைதான். ஆனால் பில்லுக்காக என்றால் முதலில் கூரைக்கடியில் இன்சுலேஷன் போதுமா, இடுக்குகள் அடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதே பணத்துக்கு அங்கேதான் அதிகம் மிச்சமாகும்.

வாடகை வீட்டிலிருந்து: எங்களால் என்ன செய்ய முடியும்?

ரப்பர் பீடிங்கும் வெளித்தட்டியும். காலி செய்யும்போது தட்டியைக் கழற்றி எடுத்துப் போகலாம்.

திருவல்லிக்கேணியிலிருந்து: மாற்ற வந்தவர் பழைய ஆறு ஜன்னலையும் கழற்றுகிற கூலிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. கையெழுத்துப் போடும் முன் ஒரு மூலையில் பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். பொன்னிறமாக, எண்ணெய்ப் பசையோடு, நெருக்கமான ரேகை தெரிந்தால் அது நல்ல முற்றின தேக்கு, பர்மாத் தேக்காகவும் இருக்கலாம். அந்த மாதிரி மரம் இன்று புதிதாக வாங்கினால் நீங்கள் போடப்போகும் யூபிவிசி விலையைத் தாண்டிவிடும். காரைக்குடியில் இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல், பழைய பொருள் விற்கிற கடைகள் முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கின்றன, வெளியூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள். தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, ஆறில் எத்தனை கெட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுதான் என்றால், அந்த இரண்டை மட்டும் கழற்றி, அதிலிருக்கும் நல்ல மரத்தை மற்ற நான்குக்கும் ஒட்டுப் போட வைத்துக்கொள்ளுங்கள்.